எட்டுக்கால் பூச்சியின் மேல் விழும் பழி



இரவில் குளியலறை விளக்கைப் போடுகிறோம். உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்தபடி ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி சுவரில் அசையாமல் இருக்கிறது. உடனே கை துடைப்பத்தைத் தேடுகிறது. அந்தத் துடைப்பத்தைக் கீழே வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று பேசுகிறேன்.

இந்தச் சிலந்தி வலை பின்னாது. வீட்டு மூலைகளில் ஒட்டடை சேர்வது வேறு சிலந்திகளால். இது பகலில் நிலைக்கதவின் சந்திலும் காலண்டருக்குப் பின்னாலும் ஒடுங்கிக் கிடக்கும், இருட்டியதும் வேட்டைக்கு வெளியே வரும். உடம்பு தட்டை, அதனால்தான் அவ்வளவு குறுகிய இடுக்கிலும் நுழைய முடிகிறது. கால்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் நண்டு மாதிரி ஓடும். பாதங்களில் அடர்ந்திருக்கும் நுண்மயிர் வழவழப்பான டைல்ஸிலும் அதை வழுக்காமல் நிறுத்துகிறது. 1767-லேயே உயிரியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். கப்பல் சரக்குகளோடு, குறிப்பாக வாழைத்தார்களோடு பயணம் செய்து, உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலும் மனிதர் குடியிருக்கும் இடங்களில் இது பரவிவிட்டது.

சில சமயம் உடம்பின் அடியில் வெள்ளை வட்டு ஒன்றை அணைத்தபடி இருக்கும். அது தாய்ச் சிலந்தி. வட்டு அதன் முட்டைப்பை. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டே திரியும். அந்த நேரத்தில் அதைச் சீண்டாமல் இருப்பது நல்லது.

சாக்கடைத் துளை வழியாக ஏறிவரும் கரப்பான்பூச்சிதான் அதற்கு முக்கிய உணவு. விஷத்தால் அடக்கி, செரிமான நீரால் உள்ளே கரைத்து உறிஞ்சிவிடும். காலையில் சுவரோரம் இறக்கையும் காலும் மட்டும் கிடந்தால், இரவில் அங்கே வேட்டை நடந்திருக்கிறது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. கரப்பானுக்காக நாம் அடிக்கும் ஸ்பிரே, அதைப் பிடித்துத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. கரப்பான் சாக்கடையிலிருந்து திரும்ப வந்துவிடும்.

கடிக்காதா என்று கேட்பீர்கள். பிடித்து நசுக்கினால் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், வீங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். என் கவலை அந்தக் கடியைப் பற்றியது அல்ல. இந்தச் சிலந்தி செய்யாத காரியங்களுக்கெல்லாம் அதன்மேல் பழி போடுகிறோமே, அதைப் பற்றியது. அந்தப் பழியால் மனிதர்களுக்குத்தான் கெடுதல் வருகிறது.

அக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கால் பூச்சியின் மூத்திரம் பட்டால் அக்கி வரும் என்று எத்தனையோ வீடுகளில் சொல்கிறார்கள். சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்புகளில் பதுங்கியிருக்கிறது. வயதானபின்போ உடல் தளர்ந்த நேரத்திலோ அது மறுபடி கிளம்புவதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், ஒரு நரம்பின் தடத்தில், எரிச்சலோடு கொப்புளம் வரிசைகட்டும். பாட்டியை அழைத்துப்போய்க் காவியால் அக்கி எழுதிவிட்டு வருவார்கள். அந்த மரபைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். தாமதித்தால், கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கலாம். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து.

மழைக்காலத்தில் இன்னொன்று. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு இழுத்தது போலச் சிவந்து, எரிந்து, கொப்புளித்திருக்கும். சுவரில் சிலந்தி இருந்தால் பழி அதற்கு. பல நேரம் காரணம், ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான ஒரு குட்டி வண்டு. அது கடிப்பதில்லை. தூக்கத்தில் நம் கை அதைத் தேய்த்து நசுக்கும்போது அதன் உடல்நீர் தோலைப் புண்ணாக்குகிறது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை நள்ளிரவில் அது கடித்தால், வலி இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். பிறகு வயிற்று வலி வரும், இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு திணறும். பூச்சி என்று நினைத்துக் கழிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாடுவதுதான்.

மீண்டும் சிலந்திக்கு வருவோம். சிலந்தி ஏன் கட்டடங்களுக்குள் வருகிறது என்பதற்கு இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் ஒரு சேதி உண்டு. 2009-ல் ஊரார் ஒரு பெரிய சிலந்தியின் உயிரற்ற உடலை ரணில் நாணயக்கார என்ற ஆய்வாளரின் குழுவிடம் கொடுத்தார்கள். கால் விரிப்பு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். உயிரியல் அதுவரை அறியாத இனம் அது. 2012-ல் அறிமுகமானபோது, வடக்கில் அந்தக் குழுவுக்கு வழித்துணையாக இருந்த ஒரு போலீஸ் அதிகாரியைக் கௌரவித்துப் பெயர் வைத்தார்கள். முதிய மரப்பொந்துகளில் வாழ்கிற இனம் அது. மரங்கள் குறையக் குறையக் கட்டடங்களுக்குள் வருகிறது. மாங்குளத்தின் பழைய ஆஸ்பத்திரி டாக்டர் விடுதியிலும் அது இருந்தது.

வீட்டில் சிலந்தி இருப்பதை மனம் ஒப்பவில்லையென்றால், வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் மெதுவாகக் கவிழுங்கள். கால் மாட்டாமல் பார்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகுங்கள். வெளியே கொண்டுபோய் மரத்தடியில் விடுங்கள். செருப்பையும் கொடியில் கிடந்த துணியையும் உதறிவிட்டுப் போடும் பழக்கம் எப்போதும் இருக்கட்டும்.

நேயர்களே, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் கிளம்பினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இரவில் எதுவோ கடித்து, இமை கனத்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், பாம்புக்கடிக்கு மருந்து அங்கே இருக்கிறது.