விருந்தில் எவர்க்கு இடம்?



பாடசாலைக்கு நிதி திரட்டுவது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுவோர் பலர். நிதி திரண்ட பின்னர், அதற்காக உழைத்த பிள்ளைகளை மகிழ்விப்பது எங்ஙனம் என்று சிந்திப்போர் சிலரே. ஒரு தேநீர் விருந்துதானே, அதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றக் கூடும். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கொழும்பு மாநகரிலே, பேர வாவியின் அருகே அமைந்தது கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்து வைத்த இடமாதலால் ஆங்கிலத்தில் இதற்கு அடிமைத்தீவு என்ற பெயர் வந்தது. தமிழர், சோனகர், மலாயர், சிங்களவர் ஆகிய நால்வகையினரும் இங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். 1786ஆம் ஆண்டிலே எழுந்த வேகந்தைப் பள்ளிவாசலும் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. இன்றோ, ஒடுங்கிய சந்துகளின் தலைக்கு மேலே மாடமாளிகைகள் உயர்ந்து நிற்கின்றன. மாளிகை வாசலில் பத்து நுழைவுச்சீட்டு விற்பது எளிது. சந்துக்குள்ளே ஒன்று விற்பதும் அரிது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அவ்வருமை இன்னும் மிகுந்தது.

எமது பாடசாலை நூலகத்துக்கு நூல்கள் வாங்கும் பொருட்டு மாணவர் சந்தையும் கலைநிகழ்ச்சியும் நடத்தினோம். பிள்ளைகள் நுழைவுச்சீட்டு விற்றனர், மேசை சுமந்தனர், கணக்கெழுதினர், கூட்டிப் பெருக்கினர். எல்லாம் இனிது நிறைவேறியபின், அவர்களுக்கு ஒரு விருந்து அளித்தல் வேண்டும் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடி யோசித்தது. “சீட்டுப் புத்தகம் முழுவதையும் விற்றவர்களுக்கு மட்டும் விருந்து” என்றார் ஒருவர். “அதிகம் சேர்த்த வகுப்புக்கு மட்டும்” என்றார் மற்றொருவர். “வரவிலே ஒரு பங்கை விருந்துக்கு ஒதுக்குவோம்” என்றார் வேறொருவர். மூவர் சொல்லிலும் பிள்ளைகள்பால் அன்பே இருந்தது. ஆயினும், அம்மூன்றையும் ஏற்றுக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய நினைவு.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பாடசாலையில் யான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, இத்தகைய முயற்சி ஒன்று நடைபெற்றது. ஊக்கம் பிறக்கும் என்றெண்ணி, சேர்த்த தொகையின் வரிசைப்படி மாணவர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். இறுதியாய் நின்ற பெயருக்குரிய சிறுவன் விருந்து நாளன்று வரவில்லை. மறுநாள் காரணம் கேட்டேன். “எனக்கு அங்கே என்ன வேலை, சேர்?” என்றான். முதல்நாள் இரவு இருட்டும் வரை நின்று நாற்காலிகள் அனைத்தையும் அடுக்கியவன் அவனே என்பதைப் பின்னரே அறிந்தேன். அவன் தந்தையார் நாட்கூலி. அயலாரும் அத்தகையோரே. அவன் எவரிடம் சீட்டு விற்பான்? யான் கரும்பலகையில் எழுதியது பிள்ளைகளின் உழைப்பையன்று. பெற்றோரின் பணப்பையையே எழுதியிருந்தேன்.

இது என் அனுபவம் மட்டுமன்று. யூரி கினீசி, அல்டோ ருஸ்டிகினி என்னும் பொருளியல் அறிஞர் இருவர், 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இஸ்ரேல் நாட்டிலே வீடுவீடாய்ச் சென்று அறநிதி திரட்டும் உயர்நிலைப்பள்ளி மாணவர் 180 பேரை மூன்று பிரிவாக்கினர். முதற்பிரிவினருக்கு அப்பணியின் சிறப்பை மட்டும் எடுத்துரைத்தனர். இரண்டாம் பிரிவினருக்குத் திரட்டும் தொகையில் நூற்றுக்கு ஒன்றும், மூன்றாம் பிரிவினருக்கு நூற்றுக்குப் பத்தும் சன்மானமாய்த் தருவதாக வாக்களித்தனர். மிகுதியாய்த் திரட்டியவர் யாவர்? சன்மானமே இல்லாத முதற்பிரிவினர்! நூற்றுக்கு ஒன்று பெற்றவர்களோ மிகக் குறைவாய்த் திரட்டினர். தொண்டென்று கருதிய பணிக்குச் சிறு விலை வைத்தவுடன் அது கூலிவேலை ஆகிவிடுகிறது. குறைந்த கூலிக்கு எவர்தாம் விரும்பி உழைப்பர்?

அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் நடந்து, 1973ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. சித்திரம் வரைவதில் விருப்புள்ள குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டென்று முன்னரே கூறினர். வேறு சிலருக்குச் சொல்லாமலே பரிசு தந்தனர். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, முன்னரே பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகளின் ஆர்வம் குன்றியிருந்தது. எதிர்பாராது பெற்றவர்களின் ஆர்வம் குன்றவில்லை. ஆகவே பரிசு தீங்கன்று. பரிசைப் பேரமாக்குவதே தீங்கு.

இவற்றையெல்லாம் கூட்டத்தில் எடுத்துரைத்தேன். நெடுநேரம் உரையாடியபின் சில முடிவுகளுக்கு வந்தோம்.

முதலாவது, நிதியிலிருந்து விருந்துக்கு ஒரு சதமும் எடுப்பதில்லை. சீட்டு வாங்கியவர் நூலகத்துக்கென்றே தந்தார். அதைப் பாற்சோறாக்குதல் முறையன்று. விருந்துச் செலவை ஆசிரியரும் பெற்றோர் சிலரும் தனியே ஏற்றனர். விருந்துக்கு முன்னரே வரவுசெலவுக் கணக்கை விளம்பரப் பலகையில் இடுவதென்றும் தீர்மானித்தோம்.

இரண்டாவது, பாடசாலையின் எல்லாப் பிள்ளைகளுக்கும் விருந்தில் இடம் உண்டு. ஒரு சீட்டும் விற்காத பிள்ளைக்கும், வாயிற்காவலருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் இடம் உண்டு. 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி பிறந்த நாட்டிலே, பணம் கொணராத பிள்ளை வாசலில் நிற்றல் ஆகாது.

மூன்றாவது, பந்தி ஒன்றே. மரக்கறி மட்டும் உண்போர் உளர்; ஹலால் உணவன்றி உண்ணாதார் உளர். மலாயர் இந்நாட்டுக்குத் தந்த வட்டிலப்பத்தைச் சேர்க்க எல்லார்க்கும் ஆசைதான். ஆயினும் அதில் முட்டை உண்டு. எனவே பாற்சோறு, மாசி சேராத சம்பல், அவித்த கடலை, வாழைப்பழம், இஞ்சித் தேநீர் என எவரும் உண்ணத்தக்கவற்றையே தெரிந்தோம். நோன்பு நாளும் விரத நாளும் அல்லாத ஒரு புதன்கிழமையைக் குறித்தோம். ஆசிரியர் பரிமாறுவர், பிள்ளைகள் அமர்ந்து உண்பர்.

“அப்படியாயின் மிக முயன்ற பிள்ளைக்கு என்ன சிறப்பு?” என்று ஓர் ஆசிரியை வினவினார். நியாயமான வினா. அதற்கென வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வாக்கியம் எழுதி வாசிப்பதென முடிவாயிற்று. கணக்கைப் பிழையின்றி எழுதியவள், அழுத சிறுபிள்ளையை வீடு சேர்த்தவன், சீட்டுகள் பல விற்றவன் ஆகிய ஒவ்வொருவரும் தாம் செய்ததைப் பிறர் வாயால் கேட்பர். தொகை மட்டும் சொல்லப்படமாட்டாது. அவ்வாசிரியையே முதல் வாக்கியங்களை எழுதித் தந்தார்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வருவோரை வரவேற்பதே விருந்து. பாடசாலையில் தனக்கோர் இடமில்லையென்று ஒதுங்கி நின்ற பிள்ளை அன்றைக்குப் புதிதாய் உள்ளே வருமாயின், அதுவே விருந்தின் பயன்.

பெற்றோரே, பிள்ளை இத்தகைய பணி முடித்து வீடு திரும்பும்போது, “எவ்வளவு சேர்த்தாய்?” என்று கேளாதீர்கள். “இன்று என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். நாற்காலி அடுக்கிய அச்சிறுவனிடம் யான் அன்று கேட்கத் தவறிய கேள்வி அதுவே.