ஏஜென்ட் டீனாவின் கதை எங்கே?

(காரைக்காலில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முனைவர் பட்ட ஆய்வாளர் என்று அறிமுகம் செய்தார்கள். இன்று நான் பேச வந்திருப்பது ரசிகனாக. 'விக்ரம்' படங்களின் நெடுநாள் ரசிகன் நான். அடுத்த 'விக்ரம்' எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சில ஆசைகள் உண்டு. அவற்றைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். இன்னும் படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.

முதல் 'விக்ரம்' வந்தது 1986இல். குமுதத்தில் சுஜாதா தொடராக எழுதிய கதை, ராஜசேகர் இயக்கம், இளையராஜா இசை. கடத்தப்பட்ட 'அக்னிபுத்திரன்' ஏவுகணையைத் தேடி கமல்ஹாசன் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போவார். நான் பிறப்பதற்கு முன்பே வந்த படம். தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. 36 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 3 அன்று, லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் அந்த உளவாளியைத் திரும்பக் கொண்டுவந்தார். அரசே உருவாக்கி, பிறகு அரசே கைகழுவிய ஒரு ரகசியக் குழு. அதன் தலைவன் விக்ரம். 2019இல் வந்த 'கைதி'யோடு இந்தக் கதை இணைந்தது. கடைசியில் சூர்யா ரோலெக்ஸாக வந்து நின்றபோது விசிலடித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அன்று திரையரங்கில் நான் கேட்ட கைத்தட்டல்களில் மறக்க முடியாதது ரோலெக்ஸுக்கு விழுந்தது இல்லை. அது ஏஜென்ட் டீனாவுக்கு விழுந்தது. படம் நெடுக வீட்டு வேலை செய்யும் அம்மாவாக வருகிறார். யாரும் அவரைக் கவனிப்பதில்லை, பார்வையாளர்களான நாமும்தான். வீட்டுக்குள் அடியாட்கள் புகுந்ததும் அவர் யாரென்று தெரிகிறது. சில நிமிடச் சண்டை. பிறகு செத்துப்போகிறார். அந்த வேடத்தில் நடித்த வசந்தி, பல ஆண்டுகள் பாடல் காட்சிகளில் குழு நடனம் ஆடியவர். கதாநாயகனுக்குப் பின்னால் பின்வரிசையில் ஆடிய ஒருவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்ததற்காக லோகேஷுக்கு நன்றி சொல்கிறேன்.

அந்தக் காட்சிக்கு ஏன் அவ்வளவு கைத்தட்டல்? நமக்கு அவரைத் தெரியும் என்பதால்தான். என் அத்தை இருபது ஆண்டுகள் வீட்டு வேலைக்குப் போனவர். அந்த வீட்டில் எந்தச் சாவி எங்கே இருக்கும், யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாமே அவருக்குத் தெரியும். அவர் இருக்கும்போதே எல்லாவற்றையும் பேசுவார்கள். அவருக்கென்று தனி டம்ளர், கொல்லைப்புற வாசல். ஓர் உளவாளிக்கு இதைவிட நல்ல மறைவிடம் உண்டா?

இது லோகேஷ் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அர்த்தசாஸ்திரத்தில் ஒற்றர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சமைப்பவர், குளிப்பாட்டுபவர், படுக்கை விரிப்பவர், முடி திருத்துபவர், தண்ணீர் கொண்டுவருபவர், இவர்கள் வேடத்தில் அதிகாரிகளின் வீட்டுக்குள் ஒற்றர்களை அனுப்பச் சொல்கிறது. ஏவல் வேலை செய்பவரை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்று அரசுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இதோடு கமலின் இன்னொரு உளவுப் படத்தையும் வைத்துப் பாருங்கள். 2013இல் வந்த 'விஸ்வரூபம்'. சில முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பு, 144 தடை, நீதிமன்றம் எல்லாம் தாண்டி பிப்ரவரி 7 அன்றுதான் தமிழ்நாட்டில் வெளியானது. அந்த எதிர்ப்பு தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். இப்போது நான் பார்க்கச் சொல்வது வேடத்தை மட்டும். கதாநாயகன் முஸ்லிம் உளவு அதிகாரி. நியூயார்க்கில் அவன் போட்டிருக்கும் வேடம் என்ன? கதக் சொல்லித்தரும் விஸ்வநாத், பேசுவது பிராமணத் தமிழ்.

ஆக, நம் சினிமாவில் ஓர் உளவாளி ஒளிந்துகொள்ள இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று உச்சியில். 'இவரைப் போய்ச் சந்தேகப்படலாமா' என்ற மரியாதைக்குப் பின்னால் ஒளிவது. இன்னொன்று அடியில். 'இவளையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற அலட்சியத்துக்குப் பின்னால் ஒளிவது. இரண்டுமே சாதி கட்டிக்கொடுத்த மறைவிடங்கள். இந்தப் படங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன, ஆனால் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இவர்கள் இருவரையும் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. எப்போதும் கண்காணிக்கப்படுபவர். காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. 1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தபோது, பிரிட்டிஷ் உளவாளிகளும் பின்னாலேயே வந்து பிரெஞ்சு மண்ணில் தங்கி அவரை வேவு பார்த்தார்கள். அந்த எல்லை போய்விட்டது. ஆனால் மதுவிலை வித்தியாசத்தால் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. இங்கிருந்து கிளம்பும் பேருந்தில் பையைத் திறந்து காட்டச் சொல்வது யாரிடம்? பல ஆண்டுகளாக இந்த வழியில் போய்வருகிறேன். சட்டையின் வெளுப்பும் தோலின் நிறமும் சோதிப்பவருக்கு முதலில் கண்ணில் படுகின்றன. 1871இல் வந்து, 1911 திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே சந்தேகப் பட்டியலில் வைத்தது. சட்டம் 1952இல் ஒழிந்தது. அந்தப் பார்வை இன்னும் ஒழியவில்லை.

இனி என் ஆசைகள். மூன்றே மூன்று.

முதலாவது, டீனாவின் கதை வேண்டும். அவர் எந்த ஊர்? யார் அவரைக் குழுவில் சேர்த்தார்கள்? விக்ரமின் இழப்பு நமக்குத் தெரியும், டீனா எதை இழந்தார் என்று படம் சொல்லவில்லை. வேஷம்தான் என்றாலும் பாத்திரத்தை உண்மையிலேயே துலக்கித்தானே ஆக வேண்டும்? முதுகுவலி உண்மைதானே? சக ஏஜென்ட் ஒருவர் வீட்டுத் தலைவராக வேஷம் போட, இவர் மட்டும் ஏன் வேலைக்காரியாகப் போட வேண்டும் என்று அந்தக் குழுவுக்குள் ஒரு வார்த்தை வந்திருக்காதா? இவ்வளவையும் வைத்து ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

இரண்டாவது, சோதனை போடுபவர்களையும் கதை சோதிக்க வேண்டும். 'கைதி', 'விக்ரம்' இரண்டிலும் எதிரி போதைப்பொருள். கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு, அதை வைத்திருக்கும் பெரிய வில்லன்கள். முதல் 'விக்ரம்' வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1985 நவம்பரில்தான் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. அந்த உரிமை தனக்கு இருப்பது தெரியாத ஒரு பையன், எதுவும் செய்யாமலேயே பிடிபடுபவன், இந்தக் கதைகளுக்குள் ஒருமுறையாவது வரட்டும். அவனைப் பார்த்து விக்ரம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, தியாகத்தைப் பங்கு போட்டுக் கொடுங்கள். எளிய ஆள் அசத்துவார், உடனே செத்துப்போவார், பிறகு நாயகன் பழிவாங்குவார் என்பது தேய்ந்துபோன தடம். இதை மாற்ற லோகேஷுக்குத் தெரியும். 'கைதி'யில் ஜார்ஜ் மரியான் நடித்த கான்ஸ்டபிள் நெப்போலியன் யாரும் பொருட்படுத்தாத ஆள். கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கமிஷனர் அலுவலகத்தையே காப்பாற்றுவார், உயிரோடும் இருப்பார். படத்தின் விறுவிறுப்பு கொஞ்சமாவது குறைந்ததா?

'பொழுதுபோக்குப் படத்தில் போய் ஏன் சாதியைத் தேடுகிறாய்' என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் தேடிக்கொண்டு போகவில்லை. யாரைக் கவனிக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் அந்தக் காட்சியே நிற்கிறது. அந்தக் கணக்கைப் போட்டது யார் என்று கேட்டால் மட்டும் அரசியல் ஆகிவிடுகிறது. பிடிக்காத படத்தைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் பேச மாட்டார்கள். உரிமையோடு கேட்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே எழுத ஆசைப்படும் தம்பி தங்கைகள் பலர் இருக்கிறீர்கள். 1986இல் வந்த ஓர் உளவாளிக்கு 2022இல் மறுவாழ்வு கொடுக்க முடியுமென்றால் டீனாவுக்கும் கொடுக்க முடியும். இயக்குநர் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். டீனா அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை நாலு பக்கம் எழுதுங்கள். எந்த வாசல் வழியாக உள்ளே போனார், எந்த டம்ளரில் காபி கொடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டால் மீதியை அவர்களே சொல்வார்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.