அளவுகோலையும் அளந்து பார்த்தல்



கடைத்தெருவில் வழங்கும் எடைக்கற்களில் அரசாங்க முத்திரை பொறித்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கல்லே எடை குறைந்ததாயின், தராசு முள் எவ்வளவு நேராக நின்றாலும் பயனில்லை அல்லவா? மருத்துவச் சோதனைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். சோதிக்கும் பொருளையே முதலில் சோதித்தாக வேண்டும். இதனைத் தரக்கட்டுப்பாடு என்பர். ஒட்டுண்ணி நோய் ஒன்றுக்குரிய தோல் சோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

கருங்காய்ச்சல் என்பது மணல் ஈ கடிப்பதால் பரவும் நோய். காலா அசார் என்னும் பெயருடன் பீகார் முதலிய பகுதிகளில் பல தலைமுறைகளாக மக்களை வாட்டியது. மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும், சிகிச்சை பெறாதவர் பெரும்பாலும் மாண்டுபோவர். இதன் ஒட்டுண்ணியைப் பற்றி 1903-ஆம் ஆண்டில் லீஷ்மன் என்பாரும், சென்னையில் பணியாற்றிய டானவன் என்பாரும் தனித்தனியே அறிவித்தனர். இருவர் பெயரையும் இணைத்து, லீஷ்மேனியா டானவனி என்று பெயர் சூட்டினார் ரொனால்டு ராஸ்.

1926-இல் பிரேசில் நாட்டு மருத்துவர் மாண்டிநீக்ரோ ஒரு தோல் சோதனையை வகுத்தார். கொல்லப்பட்ட ஒட்டுண்ணிகள் கலந்த நீர்மத்தில் பத்தில் ஒரு பங்கு மில்லிலிட்டரை முன்கையின் தோலுக்குள் செலுத்துவர். 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அவ்விடத்தைப் பார்ப்பர். தடிப்பின் குறுக்களவு 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பின், அம்மனிதரின் உடல் ஒட்டுண்ணியை முன்பே சந்தித்து எதிர்ப்பாற்றல் பெற்றுள்ளது எனக் கொள்வர். கருங்காய்ச்சல் மும்முரமாக இருக்கும்போது தடிப்பு பெரும்பாலும் தோன்றாது. குணமாகிச் சில திங்கள் சென்றபின்னரே தோன்றும். ஆகவே ஓர் ஊரில் எத்தனை பேரை ஒட்டுண்ணி தொட்டுச் சென்றது என்று கணக்கிடவும், தோலில் புண் உண்டாக்கும் லீஷ்மேனியா நோய் வகைகளைக் கண்டறியவும் இச்சோதனை உதவியது.

ஒருவர் கையில் தடிப்பு எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் எதிர்ப்பாற்றல் இல்லாதிருக்கலாம். அல்லது செலுத்திய நீர்மம் வலுவிழந்திருக்கலாம். தோலைப் பார்த்து எதுவென்று கூற எவராலும் இயலாது. தடுப்பூசி ஆய்வுக்கு எதிர்ப்பாற்றல் அற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இத்தவறு நேர்ந்தால், முன்பே எதிர்ப்பாற்றல் உள்ளவர்களும் அவர்களோடு கலந்துவிடுவர். பின்னர் அவர்கள் நோயின்றி இருந்தால், அப்பெருமை தகுதியில்லாத தடுப்பூசிக்கும் போய்ச் சேரும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் யாவை? முதலாவது, எந்த வகை ஒட்டுண்ணி என்பதை உறுதிசெய்து, அதனை எண்ணிக் கலத்தல் வேண்டும். இரண்டாவது, ஒட்டுண்ணிகள் யாவும் இறந்தனவா, வேறு நுண்ணுயிர் எதுவும் புகுந்துள்ளதா என்று வளர்ப்புக் கலங்களில் இட்டுப் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, வீரியத்தை அளத்தல் வேண்டும். நோயிலிருந்து குணமடைந்தவர்களிடம் தடிப்பு எழவேண்டும். நோய் இல்லாத நாட்டவரிடம் எழக்கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆயினும் ஒரு பானையின் பதம் மறு பானைக்கு ஆகாது. ஆதலால் ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் புதிய தொகுதியைப் பழைய தொகுதியோடு ஒப்பிட்டே வெளியிடுதல் முறை.

நான்காவது, ஒட்டுண்ணி கலவாத நீர்மத்தை மற்றொரு கையில் செலுத்துதல் வேண்டும். கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தினாலேயே சிலருக்குத் தடிப்பு உண்டாகும். அதனை இக்கை காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தாவது, அளப்பவரையும் கவனித்தல் வேண்டும். ஒரே விடைத்தாளுக்கு இருவர் இருவேறு மதிப்பெண் வழங்குவதுண்டன்றோ? அதுபோல், சிவப்பை ஒருவர் அளப்பார், தடிப்பை ஒருவர் அளப்பார். தடிப்பை மட்டுமே அளப்பது விதி. பேனா முனையைத் தோலின்மேல் மெல்ல நகர்த்தி, தடைப்படும் இடத்தில் நிறுத்தி, இரு புறமும் குறித்து அளக்கும் முறை இதற்குப் பெரிதும் உதவுகிறது.

காசநோய்க்குரிய டியூபர்குலின் சோதனைக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு வாய்த்தது. பிளாரன்ஸ் சைபர்ட் அம்மையார் தயாரித்த ஒரு தொகுதியை உலகச் சுகாதார நிறுவனம் 1952-இல் பன்னாட்டு நியமமாக ஏற்றது. லீஷ்மேனியாச் சோதனைக்கோ, வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு வகை ஒட்டுண்ணியைக்கொண்டு தயாரித்ததால், அத்தகைய பொது அளவு அமையவில்லை. ஓரிடத்து முடிவை மற்றோரிடத்து முடிவோடு ஒப்பிடுவது கடினமாயிற்று. தரமான நீர்மம் கிடைக்காமையால் பல இடங்களில் சோதனையே வழக்கொழிந்தது. ஒழுங்கான நெறிகளின்படி அதனை மீண்டும் தயாரிக்க அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர் முயன்று வருகின்றனர்.

மாணவர்களே! ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை எதிர்பார்த்த விடையைத் தந்தவுடன் ஏட்டை மூடிவிடாதீர்கள். பயன்படுத்திய கரைசல் என்று தயாரானது, அளந்த கருவி சரியானதா, மற்றொருவர் அளந்தாலும் அதே விடை வருமா என்று கேளுங்கள். அவற்றுக்கு விடை கண்ட பிறகே முடிவை எழுதுங்கள்.