எளிதிற் சிவக்கும் முகம்



கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இருக்கிறது; கப்பல் கட்டும் தளமும் இருக்கிறது. உத்தியோகத்தின் பொருட்டு இத்தகைய இடங்களில் வந்து குடியமரும் தமிழ்ப் பெண்மணிகள் அழகு நிலையத்திற்குச் செல்லும்போது ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. முகத்தில் பூசிய பூச்சு எரியும். அதைச் சொல்ல வங்க மொழி வாராது. 'எரிந்தால்தான் பலன்' என்றெண்ணிப் பொறுத்துக்கொள்வர். அவ்வெண்ணம் தவறானது.

நம் தோலின் மேற்படலம், செங்கல்லும் சாந்தும் போல, உயிரற்ற அணுக்களும் அவற்றைப் பிணைக்கும் கொழுப்பும் சேர்ந்த மதிலாகும். எளிதிற் சிவக்கும் தோலில் அம்மதில் நலிந்திருக்கும். சூடான ஆவியும், சொரசொரப்பான ஸ்கிரப்பும், ப்ளீச்சும் அதனை மேலும் சிதைப்பன.

இத்தகைய முகத்திற்கு முறையை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். ஆவியை விலக்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியைப் பயன்படுத்தலாம். விரல் நுனிகளால் இலேசாக, குறைந்த நேரமே நீவவேண்டும். மணமூட்டாத பூச்சே நன்று. ஒரு நாளில் ஒரு புதுப் பொருளுக்கு மேல் கூடாது.

ஒவ்வாப் பொருளைத் தோலிலேயே வைத்து அறியும் ஒட்டுச் சோதனையை 1895-இல் உலகறியச் செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் யோசெப் யாதாசோன். அதன் எளிய வடிவம் நமக்கும் உதவும். புதிய பூச்சைச் சிறிதளவு முன்னங்கையின் உட்புறம் தடவி, 48 மணி நேரம் கவனித்துப் பின்னரே முகத்திற்கு இடுக. 1929-இல் கொல்கத்தாவில் தோன்றிய போரோலின் பலருக்கு இதமளிப்பதே. எனினும் அதிலுள்ள கம்பளிக் கொழுப்பு சிலருக்கு ஒவ்வாது. வீட்டு மருந்துக்கும் இவ்விதி பொருந்தும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலிற் சென்றால் தோல் வெந்து கருக்கக்கூடும்.

எல்லாவற்றினும் கொடியது, நிறம் வெளுக்குமென்று நம்பிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. முதலில் முகம் பளபளக்கும். நாளடைவில் தோல் மெலிந்து, நரம்பிழைகள் போன்ற சிவந்த கோடுகள் தோன்றும். நிறுத்தினாலோ எரிச்சல் பன்மடங்காகும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது. இதைப் பூசி வருவோர் அழகு நிலையத்தை நாடாது தோல் மருத்துவரிடமே செல்லவேண்டும்.

வங்கச் சொற்கள் இரண்டை நினைவிற் கொள்ளுங்கள். 'ஜாலா கொர்ச்சே' என்றால் எரிகிறது. நாம் 'ஜுவாலை' என வழங்கும் வடசொல்லே அது. 'சுல்காச்சே' என்றால் அரிக்கிறது. இவ்விரண்டில் ஒன்றைக் கூசாமற் சொல்லுங்கள். பூச்சை உடனே கழுவிவிடச் செய்யுங்கள். கொடுத்த பணம் போனாலும் முகம் தப்பும்.