மணையிலிருந்து எழுந்திருக்க ஓர் இலக்கு
(மைசூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேகப்பயிற்சி பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். நான் டாக்டர் அல்ல. பௌதிகம் படித்து, அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே உபதேசமாக அல்லாமல் பட்ட அனுபவமாகச் சொல்கிறேன்.

உத்தியோக நாட்களில் கௌதள்ளிக்கு முகாம் போவதுண்டு. இன்று சாமராஜநகர் மாவட்டம். 1997-க்கு முன் நம் மைசூர் மாவட்டம். மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகும் பக்தர்கள் அவ்வழியாகச் செல்வார்கள். ஒரு சிவராத்திரி சமயம், "இந்த வயதில் மலை ஏற முடிகிறதா?" என்று முதியவர் ஒருவரிடம் கேட்டேன். "தினமும் மாடுகளோடு மேடு ஏறுகிறேன். இது என்ன புதுசா, சாமி?" என்றார் கன்னடத்தில். சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

அதன் அர்த்தம் எனக்கு எழுபத்திரண்டு வயதில்தான் புரிந்தது. அந்த வருஷம் அப்பாவின் சிராத்தத்தில் மணையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளையும் சாஸ்திரிகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். மறுநாள் ரோஷத்துடன் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தேன். நாலாம் நாள் முழங்கால் வீங்கி, மூன்று வாரம் படுக்கை. ஆத்துக்காரி பட்ட சிரமம் தனிக்கதை.

பிசியோதெரபிஸ்ட், "உங்களுக்கு என்ன செய்ய முடிய வேண்டும்?" என்று கேட்டார். "ஆரோக்கியமாக இருக்கணும்" என்றேன். "அது ஆசை, இலக்கு அல்ல" என்றார். யோசித்து, "அடுத்த சிராத்தத்தில் பிறர் கை பிடிக்காமல் எழுந்திருக்கணும்" என்றேன். இதற்குத் தேதி உண்டு. நிறைவேறியதா என்று கண்ணால் பார்க்கலாம்.

அவரிடம் கற்ற விதிகள் இவை.

முதலாவது, பழகியதைவிடச் சற்று அதிகம் கேட்டால்தான் தசை பலம் பெறும்.

இரண்டாவது, படிப்படியாகக் கூட்ட வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து ஆரம்பித்தேன். வாரம் ஒன்றிரண்டு கூட்டி, பிறகு குட்டையான ஸ்டூலுக்கு இறங்கினேன்.

மூன்றாவது, எதைப் பழகுகிறோமோ அதுவே வரும். நடை இருதயத்துக்கு நல்லது. ஆனால் எழுந்திருக்கும் பலம் எழுந்து எழுந்துதான் வரும். கௌதள்ளி முதியவர் சொன்னதும் இதுவே.

நான்காவது, ஓய்வு. பயிற்சியில் களைத்த தசை ஓய்வில்தான் வலுப்பெறுகிறது. எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தேன்.

ஐந்தாவது, விட்டால் போய்விடும். ஒரு கல்யாணத்துக்காகச் சில வாரங்கள் சென்னையில் இருந்து திரும்பியபோது பழைய எண்ணிக்கை வரவில்லை.

ஆறாவது, ஆளுக்குத் தக்க அளவு. 1930-களில் நம் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தி, 1989-ல் நூறு வயதில் காலமான கிருஷ்ணமாச்சாரியாரும் பயிற்சி அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றே கற்பித்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவையும் சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்துக்கு மேற்பட்டோருக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலைப் பயிற்சி. பேச முடிந்து, பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் அது மிதம். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

சென்ற சிராத்தத்தில் பிள்ளை கை நீட்டினான். நான் ஒரு கையைத் தரையில் ஊன்றி நானே எழுந்தேன். அந்த ஒரு கைதான் இனி பாக்கி. அடுத்த வருஷ இலக்கு அது. உங்கள் இலக்கை இன்றே ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள்.