கைவிடப்பட்ட துண்டு
(இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பொதுத் தோட்டமொன்றைத் தொடங்குவது எளிது. அதில் ஒருவர் கைவிட்ட துண்டை என்ன செய்வது என்பதே கடினம். நாங்கள் இதில் இருமுறை தவறினோம்.

முதலாண்டில் முகத்தாட்சண்யம் எங்களைத் தடுத்தது. அன்பர் ஒருவரின் துண்டில் கோரை மண்டியது. 'அவராகவே வருவார்' என்று வாளாவிருந்தோம். கோரையோ எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. மண்ணுக்குள்ளே ஓடிக் கிழங்கு வைத்து, வரம்பு கடந்து அயலிலும் முளைப்பது அது. மாரி முடியுமுன் மூன்று துண்டுகள் அதன் வசமாயின.

மறுவருடம் இதற்கு நேர்மாறாக நடந்தோம். இரண்டு வாரம் வராத ஒருவரின் துண்டைக் கேளாமலே கொத்திப் புரட்டினோம். புல்லுக்குள்ளே அவர் நட்ட கத்தரிக் கன்றுகள் இருந்தன. அவரோ ஆஸ்பத்திரியில் தாயாரின் கட்டிலருகே இருந்தார். திரும்பி வந்தவர் எங்களை ஏசவில்லை. தம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மௌனம் எங்களை இன்னும் சுடுகின்றது.

முன்னது அன்புமன்று, பின்னது நீதியுமன்று. இங்கிலாந்திலே பொது நிலத் துண்டுகளுக்கென 1908ஆம் ஆண்டில் இயற்றிய சட்டங்கூட, விதி மீறியவரை உடனே வெளியேற்றச் சொல்லவில்லை. துண்டு கொடுத்து மூன்று மாதமேனும் கழிந்தபின், ஒரு மாத அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளிலும் இன்னாருக்கு இன்ன நாள் என்று இறைப்பு முறையை முன்னரே வகுத்திருப்பதாலன்றோ பிணக்குக் குறைகின்றது!

ஆகவே நாங்கள் வேண்டுவது இது. துண்டு வாடினால் முதலில் வீட்டுக்குப் போய் விசாரிப்போம். நோயோ பரீட்சையோ காரணமானால், முறைவைத்து நாமே தண்ணீர் விடுவோம், விளைவு அவருக்கே. முழுத் துண்டும் பாரமானால் பாதியை வைத்துக்கொள்ளட்டும். ஒரு மாத அறிவித்தலுக்கும் மறுமொழி இல்லையேல், காத்திருப்பவருக்குக் கொடுப்போம். நின்ற பயிர் நட்டவருக்கே உரியது. கோரையை மேலாக வெட்டுவதால் பயனில்லை. கோடையிற் கிளறிக் கிழங்கைப் பொறுக்கி வெயிலிற் காயவிட வேண்டும். பின்பு சணல் விதைத்து, பூக்குந் தருணத்தில் மண்ணோடு புரட்டினால் அதுவே பசளையாகும்.

நாங்கள் புரட்டிய துண்டிலும் இப்போது சணலே நிற்கின்றது. அதை வேறொருவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறோம். பெரியோர் ஒருவரேனும் உடன்வர வேண்டுகிறோம். மன்னிப்புக் கேட்கப் போகும் இளைஞருக்கு வாசலிலே சொல் எழாது.