பழுது பார்ப்போம்! பாழாக்கோம்!

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவரும் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் தொழிலில் பல்லாண்டுகள் ஈடுபட்டவருமான சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை)

 

இந்தப் பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளில் நான் ஒரு பரிசுகூட வாங்கியவன் அல்லன். இன்று என்னையே பரிசு கொடுக்க அழைத்திருக்கிறார்கள்! டாக்டரையோ வழக்கறிஞரையோ அழைக்காமல், திருப்புளி பிடித்துக் காய்த்துப்போன இந்தக் கையை அழைத்திருக்கிறீர்களே என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், அது போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கெட்டுப்போனதைத் திறந்து பார்ப்பது.

நான் பிறந்து வளர்ந்தது இந்தத் தோட்டத்து லயத்தில்தான். அப்போது மின்சாரம் என்பது அந்தி நேரத்தில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரத்துக்குத்தான். எங்கள் அப்பா பால்மரம் வெட்டிய காசில் மிச்சம் பிடித்து ஒரு டிரான்சிஸ்டர் வானொலி வாங்கினார். அதற்குத் துணி உறை தைத்துப் போட்டார் எங்கள் அம்மா. நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. எங்கள் லயத்துக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் கார் பேட்டரியில்தான் ஓடியது. பேட்டரி தீர்ந்துவிட்டால் படம் சுருங்கிச் சுருங்கி மறைந்துவிடும். மறுநாள் சைக்கிளில் வைத்துக் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பொருள் கெட்டால் "தூக்கிப் போடு" என்று யாரும் சொன்னதில்லை. "யாரிடம் காட்டலாம்?" என்றுதான் கேட்டார்கள்.

பெரியோர்களே, தொழில் பெருமை பேச நான் வரவில்லை. இந்தத் தொழிலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் வந்தேன்.

1981-ஆம் ஆண்டு. பட்டணத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். மேசை நிறைய வேலை குவிந்து கிடக்கிறது. ஒரு தோட்டத்துப் பாட்டி, கேசட் வானொலி ஒன்றைச் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, ரேடியோ பாடுதுப்பா. கேசட்டு மட்டும் சுத்த மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு கோயில் திருவிழாவுல பாடுனது இதுலதான் இருக்கு. அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு" என்றார்.

நோய் என்னவென்று அந்த அம்மாவே பாதி சொல்லிவிட்டார். ஆனால் எனக்கோ அவசரம். புதிய பெட்டி ஒன்று விற்றால் கமிஷன் வேறு. பெட்டியைத் திறக்கவே இல்லை. "முடிஞ்சு போச்சு பாட்டி, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். மாதம் 15 வெள்ளி, 12 மாதத் தவணை. பாட்டி கைநாட்டு வைத்துவிட்டுப் புதுப் பெட்டியோடு போனார். பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டார்.

தீபாவளி முடிந்த பிறகு, உதிரிப் பாகம் எடுக்கலாம் என்று அந்தப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மோட்டாரைச் சக்கரத்தோடு இணைக்கும் ரப்பர் பட்டை அறுந்து கிடந்தது. அவ்வளவுதான். ஒன்றரை வெள்ளிப் பட்டை! மாட்டினேன், சுற்றியது. ஒன்றரை வெள்ளி வேலைக்கு ஓர் ஏழைத் தாயின் தலையில் 180 வெள்ளிக் கடனை ஏற்றி வைத்துவிட்டேனே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் லயத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "தெரியலைன்னு நீ சொல்லியிருந்தா பரவாயில்லப்பா. பாக்காமலே முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டியே" என்றார். என் சம்பளத்திலிருந்து இரண்டு தவணை கட்டினேன். மிச்சத்தை அவர் கட்டினார். அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் திறந்து பார்க்காமல் "முடிந்துவிட்டது" என்று நான் சொன்னதில்லை.

அப்படித் திறந்து பார்த்ததில் நான் கண்டது என்ன? கெட்டுப்போனது என்று கொண்டு வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது ஏதோ ஒரு சிறு பாகம்தான். வீட்டுக் காற்றாடியை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது உறுமிக்கொண்டு நிற்கிறது. "மோட்டார் போச்சு" என்று புதிது வாங்கிவிடுகிறோம். பல நேரங்களில் குறை மோட்டாரில் இல்லை. அதைத் தொடக்கி ஓட்ட உதவும் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் வலுவிழந்திருக்கும். அதன் விலை சில வெள்ளிதான். தொலைக்காட்சி திடீரென்று உயிர் விட்டால், பல நேரங்களில் மின்சாரம் வாங்கும் பலகையில் உள்ள ஒரு கெப்பாசிட்டர் தலை புடைத்துப் போயிருக்கும். இதற்கு எதிரி வெப்பம். பத்துப் பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எங்கள் தொழில் கணக்கு. ஆகவே, டிவி பெட்டிக்குப் பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள். அதன்மேல் துணியைப் போட்டு மூடி வைக்காதீர்கள்.

வானொலியில் ஒலி கூட்டும்போது கரகரவென்று கத்துகிறதா? திருகியில் தூசி சேர்ந்திருக்கும், துடைத்தால் சரியாகும். பெட்டி பேசவே இல்லையா? பேட்டரி கசிந்து கம்பிச் சுருள் துருவேறியிருக்கும். நம் நாட்டில் இன்னொரு கூட்டமும் உண்டு, பல்லியும் எறும்பும்! கதகதப்பைத் தேடி உள்ளே புகுந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, தானும் செத்து பெட்டியையும் சாகடிக்கும். இடி மின்னலும் அப்படியே. உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. வானம் இருட்டும்போதே பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றி வைத்துவிட்டால் பாதிப் பழுது வராது.

ஆனால், பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள்! திறந்து பார்க்கும் துணிவு வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மின்சாரம். அது உயிரை எடுக்கும். பிளக்கைக் கழற்றாமல் எதையும் தொடக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய கண்ணாடிக் குழாய் டிவியையும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றின் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். புடைத்துப்போன கைப்பேசி பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ கூடாது, தீப்பற்றும். ரைஸ் குக்கர் ஒரேயடியாக அணைந்துபோனால், பெரும்பாலும் அதன் வெப்ப ஃபியூஸ் போயிருக்கும். அதே அளவுள்ள ஃபியூஸைத்தான் மாற்ற வேண்டும். "சும்மா ஒரு கம்பிய முறுக்கி விட்டுருங்கண்ணே" என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. மாட்டேன் என்றேன். அந்த ஃபியூஸ் தான் உருகி வீட்டைக் காக்கிறது. அதைக் கம்பியால் ஏமாற்றினால் வீடு எரியும். சுவருக்குள் போகும் கம்பிகளையோ உரிமம் பெற்ற மின் கம்பியாளர் மட்டுமே தொட வேண்டும்.

தாய்மார்களே, இனிக் காசுக் கணக்குக்கு வருகிறேன். 2019-இல் நாடு முழுவதும் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. திரையில் படம் வரவில்லை என்றதும், நன்றாக ஓடிய டிவியை வாசலில் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்தேன். டிஜிட்டல் அலையை வாங்கித் தரும் ஒரு சிறு பெட்டியை இணைத்திருந்தால் போதும், அதே டிவி பாடியிருக்கும். விசாரிக்காமல் போட்டார்கள், தவணையில் வாங்கினார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானே?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பொருளை விற்ற பிறகு, நியாயமான காலம் வரைக்கும் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்கத் தயாரிப்பாளர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது அது. விற்கும்போதே "எங்களால் முடியாது" என்று தெரிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. ஆகவே வாங்குமுன் கேளுங்கள்: "இதற்குச் சாமான் கிடைக்குமா? யார் பழுது பார்ப்பார்கள்?" கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பிரான்சு நாட்டில் 2021 முதல், கைப்பேசி, டிவி போன்றவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என விற்பனையின்போதே காட்டும் முறை வந்தது. பிள்ளைகளே, உங்களுக்கு மட்டுமல்ல, பெட்டிகளுக்கும் மதிப்பெண் அட்டை!

எல்லாவற்றையும் பழுது பார்த்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். மின்சாரத்தைக் குடிக்கும் மிகப் பழைய குளிர்பதனப் பெட்டியை விட்டுவிடுவதே இலாபம். ஆனால் விடும்போதும் முறை உண்டு. செம்பனைக் காட்டிலும் ஓடையிலும் வீசக் கூடாது. அவற்றினுள் ஈயம் போன்ற நஞ்சுகள் இருக்கின்றன. மின்கழிவை நம் அரசாங்கம் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு வகையில் சேர்த்திருக்கிறது. அதற்கென உள்ள சேகரிப்பு இடத்தில்தான் கொடுக்க வேண்டும். 2022-இல் மட்டும் உலகம் முழுவதும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் கால்பங்குகூட முறையாகச் சேகரித்து மறுபயனீடு செய்யப்பட்டதாகக் கணக்கில் இல்லை என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அந்தக் குப்பை மலையில் ஒன்றரை வெள்ளிப் பட்டை அறுந்ததற்காக வீசப்பட்ட பெட்டிகள் எத்தனையோ!

பெற்றோர்களே, கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை வீட்டில் பழைய கடிகாரத்தைக் கழற்றிப் போட்டால் அடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "திரும்பப் பூட்டு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். இன்று கைத்தொழில் படித்தவனுக்கும் மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. அதற்குமேல் டிப்ளோமாவும் உண்டு. "படிப்பு வராதவன்தான் அங்கே போவான்" என்று இனியும் சொல்லாதீர்கள். அறிவில்லாதவனால் பழுது பார்க்க முடியாது.

இன்று பரிசு வாங்கிய செல்வங்களுக்கு என் பாராட்டு. ஆனால் அதோ, பின் வரிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களோடு நான் தனியாகப் பேச ஆசைப்படுகிறேன். ஒரு காலத்தில் நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். "இவன் தேறமாட்டான்" என்று என்னையும் சொன்னார்கள். நான்காம் வகுப்பில் ஓர் ஆசிரியர் மட்டும், மணி அடிக்காமல் நின்றுபோன வகுப்புக் கடிகாரத்தை என் கையில் கொடுத்து, "நீ பார்" என்றார். நான் பார்த்தேன், அது ஓடியது. அன்று அவர் பழுது பார்த்தது கடிகாரத்தை அல்ல, என்னைத்தான்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! பெட்டியானாலும் சரி, பிள்ளையானாலும் சரி, திறந்து பார்க்காமல் "முடிஞ்சு போச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டு இன்றுவரை வருந்துகிறேன்.